ரொறன்ரோ மச்சாள்

என் மனைவி நிரஞ்சினி சிட்னியில், பிளாக்டவுன் ரயில் நிலையத்தில் ரிக்கற் விற்றவள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, சிறு துளைகள் போட்ட வட்டத்தினூடாகப் பேசுகிற வேலை. அந்தக் கண்ணாடி எனக்குப் பிடிக்கும். அவளுக்கும் ஊருக்கும் நடுவில் அதாவது இருக்கிறதே என்று ஓர் ஆறுதல். ஏனென்றால் அவள் எல்லோருக்கும் கிடைக்கிற ஆள். ரிக்கற் வாங்க வந்தவர்கள் மருமகளோடு சண்டை என்பார்கள், விசா வரவில்லை என்பார்கள், நாய் செத்துப்போய்விட்டது என்பார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அவள் கேட்டுக்கொண்டே சில்லறையை எண்ணி வைப்பாள்.

வீட்டுக்கு வரும்போது களைத்திருப்பாள். "உமக்கு அங்கயே கதைச்சு முடிஞ்சுபோகுது. எனக்கு மிச்சம்தான் வருது" என்று ஒருநாள் சொன்னேன்.

"மிச்சம் எண்டா என்ன? பழங்கறிதானே கூட ருசி" என்றாள்.

நான் மாநகர சபையில் வடிகால் வரைபடம் கீறுகிறவன். புதிதாக யாரையும் சந்தித்தால் அவள் எங்களை இப்படித்தான் அறிமுகம் செய்வாள்: "இவர் அருந்தவன். நிலத்துக்குக் கீழ பாக்கிறவர். நான் முகத்தைப் பாக்கிறவள்." யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் கலாசாலையில் பாதி படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்து, என்னைக் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தவள். வந்த புதிதில் அலுவலகங்களில் தரை துடைத்தாள். பிறகு ரயில்வேப் பரீட்சை எழுதினாள். நேர்முகத்தில், கோபமாக வருகிற பயணியை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்களாம். "எங்கட ஊரில சென்றிப்பொயின்ரில நிண்ட ஆமிக்காரனையே சமாளிச்சனான்" என்றாளாம். வேலை கிடைத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அவளைப் பங்கு போட வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. வெளியில் இருந்தவர்கள்தான் கூட.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவளுக்கு வயிற்று நோ தொடங்கியது. கணையத்தில் கான்சர் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு காரைத் தேடி நான் அலைந்துகொண்டிருக்க, அவள் ஒரு தூணில் சாய்ந்து நின்று சொன்னாள்.

"இஞ்சருங்கோ, இது எங்கள் ரெண்டு பேரோடையும் இருக்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. நம்மவர்கள் அந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை, 'அந்த வருத்தம்' என்பார்கள். அது ஒரு வீட்டுக்கு வந்ததென்று தெரிந்துவிட்டால் பிறகு அந்த வீடு அவர்களுடையது. ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் கொண்டு வருவார்கள். கதிரைகளை வரிசையாகப் போட்டு இருப்பார்கள். இதே வருத்தம் வந்த இன்னாரின் கதையைத் தொடங்குவார்கள், அந்த இன்னார் எப்படிச் செத்தார் என்ற இடம் வரும்போதுதான் யாருக்கு முன்னால் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வரும். அப்போது "சரி, தேத்தண்ணி போடுங்கோவன்" என்பார்கள். மிச்சமிருக்கிற பின்னேரங்களை அதற்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

எனக்கோ உள்ளூர ஒரு திருப்தி. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் இருந்த ஒன்று எனக்கு மட்டும் என்று ஆகியிருந்தது.

ஊருக்கு வயிற்றில் காஸ்ரிக் என்று சொன்னோம். மருந்து ஏற்ற ஏற்ற அவள் மெலிந்தாள். கோவிலில் கமலினி அக்கா அவளைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னடி, இப்பிடி வடிவா மெலிஞ்சிட்டாய்? என்ன டயற்?"

"சோத்தை விட்டிட்டன் அக்கா."

அடுத்த மாதம் கோவிலில் கமலினி அக்காவும் வேறு இரண்டு பெண்களும் சோறு வேண்டாமென்று சாம்பாரை மட்டும் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தார்கள். காருக்குள் ஏறியதும் நிரஞ்சினி சிரித்த சிரிப்பில் நோ கூடி, இருக்கையைச் சாய்த்துப் படுத்தபடிதான் வீட்டுக்கு வந்தாள். அந்தச் சிரிப்பும் எனக்கு மட்டும்தான்.

அது நீடிக்கவில்லை. ஒருநாள் வேலையால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"இண்டைக்கு ஒராள் கண்டுபிடிச்சிட்டார்."

"எதை?"

வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். "இதை."

அவர் பெயர் கெவின். லொறி ஓடி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், ரூட்டி ஹில்லில் தனியாக இருப்பவர். முன்பு சக்கர நாற்காலியில் மனைவியைத் தள்ளிக்கொண்டு வருவாராம். ரயிலில் ஏற்றப் பலகை போட ஆளை அனுப்புவது நிரஞ்சினிதான். அந்த மனைவி கான்சரில் போன பிறகும் மனிதர் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ரிக்கற்றை எடுக்காமல் நின்று, "என்ர ஜோனும் இப்பிடித்தான், மேசை விளிம்பில வயித்தை அமத்திக்கொண்டு நிப்பாள். எவ்வளவு காலமா?" என்று கேட்டாராம்.

"நீர் ஓம் எண்டு சொன்னனீரோ?"

"சொன்னனான். அந்த மனிசனிட்ட என்னத்தை மறைக்கிறது?"

"எங்கள் ரெண்டு பேரோடையும் இருக்கட்டும் எண்டு நீர்தானே சொன்னீர்."

"அவர் எங்கட ஆக்கள் இல்லைத்தானே. அவர் கணக்கில்லை."

எனக்கு அவர் கணக்கில் இருந்தார். நான் தினமும் பார்க்கிற உடம்பு. அது மேசையில் சாய்வதை ஒரு லொறிக்காரர் கண்ணாடிக்கு வெளியில் நின்று கண்டிருக்கிறார். வீட்டில் நான் நோவா என்று கேட்டால் அவள் சொல்வது ஒரே சொல்: "பரவாயில்லை."

கெவின் கொடுத்தது ஒரு பழைய வனிலா எசன்ஸ் போத்தல். உள்ளே கஞ்சா எண்ணெய். தக்காளிச் செடிகளுக்குப் பின்னால் வளர்த்து, மனைவிக்காகக் காய்ச்சப் பழகியது. பொலிசுக்குத் தெரிந்தால் வழக்கு வரும். வேலையும் போகும். நான் வேண்டாம் என்றேன். அவள் வேண்டும் என்றாள். மோர்பீன் அவளைத் தூங்க வைத்தது. சாப்பிட வைக்கவில்லை. நான் விடியவே எழும்பி இடியப்பம் அவித்து, சொதி வைத்து, அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவேன். மணம் பட்டதுமே முகத்தைத் திருப்பிவிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை, கெவின் வீட்டில் மருந்து எடுத்துக்கொண்டு வருவதாகப் போனவள் வெகு நேரம் கழித்து வந்தாள். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது.

"நாக்கில சொட்டு விட்டுக்கொண்டு இருந்தனான். கொஞ்சத்தால பசிச்சுதப்பா. அந்த மனிசன் சொசேஜ் சுட்டுப் பாணுக்க வைச்சுத் தந்தார். ரெண்டு சாப்பிட்டன்."

"வெள்ளிக்கிழமையோ?"

"முருகன் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் கேக்கிறீங்கள்."

நான் குசினிக்குப் போய் காலையில் அவித்த இடியப்பத்தைக் குப்பையில் கொட்டினேன். அவள் சாப்பிட்டுவிட்டாள் என்பதற்காக நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு.

கெவினோடு ஒரு கூட்டம் இருந்தது. ஓய்வுபெற்ற நேர்ஸ் மார்கரெட் என்பவர்தான் தலைவி. மற்றவர்கள் யாரையாவது நோவில் பறிகொடுத்தவர்கள், அல்லது இன்னும் நோவோடு இருப்பவர்கள். சாகக் கிடப்பவர்கள் இந்த மருந்தை எடுக்கலாமா, எடுத்தால் எந்த விதியின்கீழ் என்று அரசாங்கம் அப்போது பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், பூட்டிய கதவுக்குள். அதிகாரிகள் உண்டு, வலி வைத்தியர்கள் உண்டு, வாயில் தெளிக்கும் மருந்து செய்கிற ஒரு கம்பனியின் ஆட்கள் உண்டு. நோயாளி ஒருவரும் இல்லை. மேசையில் இருப்பது யார் என்ற பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம் என்றார்கள். கம்பனியின் விலையான மருந்தை மட்டும் அனுமதித்துவிட்டு கெவின் போன்றவர்களைக் குற்றவாளிகளாகவே விட்டுவிடுவார்கள் என்பது மார்கரெட்டின் பயம். பேச்சு நடக்கிற நாட்களில் இவர்கள் அட்டை பிடித்துக்கொண்டு அந்தக் கட்டடத்தின் முன் நடைபாதையில் நிற்பார்கள்.

நிரஞ்சினியும் போகத் தொடங்கினாள். வெறுங்கையோடு போகத் தெரியாதவள். என்னைக் கொண்டு வடை சுடுவித்து எடுத்துக்கொண்டு போவாள். நான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். மடக்குக் கதிரையில் அவளை இருத்தி, சுற்றி நின்று கதைப்பார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வாள். அவளுடைய நல்ல மணித்தியாலங்கள் அங்கே போயின. களைப்பும் வாந்தியும் எனக்கு வந்தன. ஒருநாள் வடைச் சட்டியைத் திருப்பித் தர வந்த கெவின் கார்க் கண்ணாடியில் தட்டி, "மேட், உள்ளுக்க இருந்து என்ன செய்யிறாய்? இறங்கி வாவன், அட்டை மிச்சம் இருக்கு" என்றார். எனக்குத் தடிமன், காய்ச்சல் என்றேன்.

அந்த நாட்களில்தான் ரொறன்ரோ மச்சாள் பிறந்தாள்.

மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்கு ஞாயிறுகளில் டொக்டர் சிறிதரன் வருவார். பெரிய ஆஸ்பத்திரியில் வலி வைத்தியர். மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போதுதான் சனம் அவரைப் பிடிக்கும். இரத்தினசிங்கம் அங்கிள் ஒருமுறை வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டியதை நானே கண்டிருக்கிறேன். முழங்கால் என்றால் தன்னுடையது என்று காட்டலாம். அதற்கு மேற்பட்ட வருத்தம் எதுவென்றாலும் அது லண்டனில் இருக்கிற தம்பிக்கு, அல்லது ஜேர்மனியில் இருக்கிற அக்காவுக்கு. அதுதான் வழக்கம்.

நிரஞ்சினி அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"டொக்டர், ரொறன்ரோவில எனக்கொரு மச்சாள், அந்த வருத்தம். அங்கத்த டொக்டர் கஞ்சா எண்ணெய் எழுதிக் குடுத்திருக்கிறாராம். மச்சாள் பயப்பிடுறா."

"கனடாவில அதுக்குச் சட்டம் இருக்குத்தானே, என்ன பயம்? சில ஆக்களுக்கு நல்லா வேலை செய்யும். பசி வரும். கொஞ்சமாத் தொடங்கச் சொல்லுங்கோ. மோர்பீனும் எடுக்கிறாவோ?"

"ஓம்."

"அப்ப நித்திரை கூடும். கவனம் எண்டு சொல்லுங்கோ."

திரும்பி வரும்போது காரில் அவள் இருக்கையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "ரொறன்ரோக்காரி குடுத்து வைச்சவள். டொக்டரே ஓம் எண்டிட்டார். எனக்கு அவளில எரிச்சலாக் கிடக்கு" என்றாள்.

"இல்லாத ஆளிலயோ?"

"இருக்கிற ஆக்கள் எல்லாரிலயும் உங்களுக்கு எரிச்சல் வரலாமெண்டா, எனக்கு இல்லாத ஒருத்தியில வரக்கூடாதோ?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

மச்சாளுக்கு யோகா என்று பெயர் வைத்தோம். "யோகா இண்டைக்கு ஒரு தோசை முழுக்கச் சாப்பிட்டிருப்பா." "யோகாவுக்கு அங்க சினோ கொட்டுதாம், பாவம், மருந்துக் கடைக்கு எப்பிடிப் போவா?" படுக்கையில் கிடந்தபடி இப்படிச் சொல்லிக்கொள்வோம். பிள்ளை இல்லாத வீட்டில் இந்த வயதில் ஒரு பிள்ளை விளையாட்டு. அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு ஒருநாள், அவளைக் காரில் ஏற்ற உதவிய கெவின், "யோகாவை நான் விசாரிச்சதாச் சொல்லு" என்றார். நான் காரை எடுத்த வேகத்தில் நடைபாதை விளிம்பில் சில்லு ஏறி இறங்கியது.

அடுத்த வருடம், ஆவணி மாதம். கோவிலில் செருப்பு விடுகிற இடத்தில் கமலினி அக்கா எங்களை மறித்தார்.

"சங்கதி தெரியுமே? டொக்டரை அரசாங்கம் பெரிய கமிட்டி ஒண்டில போட்டிருக்காம். பரம ரகசியமாம்."

"பிறகு உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்?" என்றாள் நிரஞ்சினி.

"டொக்டரின்ர மனிசி ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறா. கஞ்சாக் கமிட்டியாம், சிவசிவா. எங்கட ஆக்களில ஒருத்தருமே இதைக் கேட்டதில்லை எண்டு டொக்டர் அங்க சொன்னவராம். பார், எங்களுக்கு எவ்வளவு பெருமை."

மார்கரெட் மாதக்கணக்காகக் கடிதம் எழுதியும் கிடைக்காத பெயர் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. அடுத்த முறை நடைபாதையில் நிரஞ்சினி அதைச் சொன்னாள். அன்றைக்கு அவளால் கதிரையில் தனியாக இருக்க முடியாததால் நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். பத்திரிகைக்குக் கொடுப்போம் என்று மார்கரெட் துள்ளினார்.

"வேண்டாம். நான் அவரைக் கோவிலில பாக்கிறன்" என்றாள் இவள்.

"கோவிலிலயோ?" என்றார் கெவின்.

"அங்கதான் அவர் நோயாளியளப் பாக்கிறவர்."

வீட்டுக்கு வந்ததும் நான் கெஞ்சினேன். "பேப்பருக்குக் குடுக்கட்டும், நிரா. உம்மட பேர் வெளியில வராது. நீர் கோவிலில வாய் திறந்தா முழுச் சனத்துக்கும் தெரிஞ்சுபோகும். பிறகு இந்த வீடு எங்கட வீடு இல்லை."

"அந்த மனிசன் பொய் சொல்லேல்லையே. எங்கட ஆக்களில ஒருத்தரும் கேக்கேல்லைத்தான். நாங்கள் எல்லாரும் ரொறன்ரோவில எல்லோ இருக்கிறம்."

"எனக்காகவாவது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவள் அரக்குச் சேலை உடுத்தாள். இடுப்பில் நிற்காமல் ஊசி குத்திக் குத்தி நான்தான் உடுத்திவிட்டேன். சாப்பாட்டு வரிசையில் டொக்டர் தட்டில் சோறு வாங்கிவிட்டுக் கறிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"டொக்டர், அந்த ரொறன்ரோ மச்சாள்..."

"ஓம் ஓம். இப்ப எப்பிடி இருக்கிறா?"

"இஞ்சதான் நிக்கிறா."

டொக்டர் திரும்பினார். முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் கண் அவள் கழுத்தெலும்புக்குப் போனது, கண் வெள்ளையின் மஞ்சளுக்குப் போனது, தட்டைப் பிடித்திருந்த கைக்குப் போனது. கறி வார்க்கிறவர் அகப்பையைத் தூக்கியபடியே நின்றார்.

"எப்ப துவங்கினது?" என்றார் தாழ்ந்த குரலில்.

"போன வருசம். ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு அங்க சொன்னீங்களாம். நான் கேட்டனான், டொக்டர். இதே வரிசையில உங்களுக்குப் பின்னால நிண்டு கேட்டனான். நீங்களும் எடுக்கச் சொல்லித்தான் சொன்னீங்கள்."

கமலினி அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அப்போது பின்னாலிருந்து இரத்தினசிங்கம் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"டொக்டர்... என்ர லண்டன் தம்பியும் இஞ்சதான் நிக்கிறான்."

யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் தட்டைக் கொண்டுபோய் ஒரு மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார்.

நான் பயந்தபடியே நடந்தது. அன்று பின்னேரமே முதல் ஹோர்லிக்ஸ் வந்தது. கமலினி அக்கா குசினியைக் கைப்பற்றினார். கதிரைகள் வரிசையாகின. இந்த ஆள் போகட்டும், அடுத்த ஆள் போகட்டும் என்று, அவளை மடியில் படுக்க வைத்துத் தலை கோத நான் அறை வாசலில் காத்து நின்றேன். அவளோ எல்லோரிடமும் அதே முகத்தோடு கதைத்தாள். கண்ணாடி மட்டும் இல்லை.

டொக்டர் பத்து நாளில் ஃபோன் எடுத்தார். கமிட்டி ஒரு நோயாளியைக் கேட்கும். பத்து நிமிடம். துணைக்கு ஒருவர் வரலாம். உள்ளே பேசியதை வெளியில் சொல்வதில்லை என்று இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். மார்கரெட்டுக்குக் கோபம். "கதவைத் திற எண்டு கேட்டா, உன்னையும் உள்ளுக்க விட்டுப் பூட்டுறாங்கள். சம்மதிக்காத." நிரஞ்சினி யோசித்துவிட்டு, "நீங்கள் சொல்லுறது சரி. ஆனா திறக்குமட்டும் பாத்துக்கொண்டு நிக்க எனக்கு நேரமில்லை" என்றாள்.

அந்தக் காலையில் நான் என் நீலச் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவள் கட்டிலில் இருந்தபடி பார்த்தாள்.

"நீங்கள் உள்ளுக்க வர வேண்டாம். கெவின் வரட்டும்."

"நான் உம்மட புருசன்."

"ஓம்."

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? இரவு உம்மைத் தூக்கி இருத்துறது நான். உமக்கு எங்க நோகுது எண்டு எனக்குத் தெரியும்."

"தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரயில் போய்விட்டது என்று பயணிக்குச் சொல்கிற குரல் அது.

கெவின் கோட் போட்டு வந்திருந்தார். மனைவியின் செத்தவீட்டுக்கு வாங்கியதாம். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் நடைபாதையில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்கரெட் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வேண்டாம் என்றேன். பத்து நிமிடம் முடிந்து, அதற்குப் பிறகும் நெடுநேரம் போனது. வெளியில் வந்தபோது கெவினின் கண்கள் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

"பசிக்குது" என்றாள்.

"என்ன சொன்னீர்?"

"வெளியில சொல்லக் கூடாதெண்டு எழுதி வாங்கிட்டினம்."

"எனக்குமோ?"

"நீங்களும் வெளியிலதானே நிண்டனீங்கள்."

நானும் அவளும் மார்கரெட்டின் மடக்குக் கதிரைகளில் இருந்து வடை சாப்பிட்டோம். அவள் ஒன்றரை சாப்பிட்டாள். மிச்சத்தை எனக்குத் தந்தாள்.

தைப்பொங்கலுக்கு முன் அவள் போய்விட்டாள். கமிட்டி ஒரு முடிவும் அறிவிக்கவில்லை, ஆலோசனை தொடர்கிறது என்றது. செத்தவீட்டுக்கு டொக்டர் சிறிதரன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோரையும்விட அதிகமாக அழுதார். அவர் எதை நினைத்து அழுகிறார் என்பது எனக்குத் தெரியாது. அன்று கமிட்டி அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர் அழ அழ எனக்கு அவர்மேல் எரிந்தது.

"அண்டைக்கு என்ன சொன்னவ, டொக்டர்?"

"அருந்தவன், என்னால சொல்ல ஏலாது. விளங்கிக்கொள்ளுங்கோ."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஐயர் போன அடுத்த நாள் ரூட்டி ஹில்லுக்குப் போனேன். கெவின் பின்வளவில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். செடிகளுக்குப் பின்னால் வெறும் மண். இனி ஒருவருக்கும் இல்லை என்று பிடுங்கிவிட்டாராம்.

"கெவின், அவள் உள்ளுக்க என்ன சொன்னவள்?"

"கையெழுத்து வைச்சிட்டன், மேட்."

"கையெழுத்தை ஆர் இப்ப பாக்கப் போறாங்கள்?"

"அவங்களுக்கு வைச்சது ஒண்டு. அவளுக்குக் குடுத்த வாக்கு ஒண்டு. அவங்கட கையெழுத்தை நான் கிழிச்சுப் போடுவன்." தக்காளிகளை ஒரு வாளியில் ஒவ்வொன்றாக வைத்தார். "அதுக்கு முதல் நாள் ஃபோனில சொன்னது ஒண்டு இருக்கு. அது உள்ளுக்க சொன்னதில்லை, சொல்லலாம். ஏன் புருசனைக் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டு நான் கேட்டனான். 'அவர் முகத்தைப் பாத்தா நான் பரவாயில்லை எண்டுதான் சொல்லுவன். அவ்வளவு தூரம் போய்ப் பரவாயில்லை எண்டு சொல்ல ஏலாது' எண்டாள்."

அவர் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். நல்ல மனிதர். வாளியையும் என்னிடமே தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தத் தக்காளியில் சொதி வைத்தேன். எனக்கு ஆறவில்லை. அவளுடைய வலி இன்னதென்று ஒரு தடவை முழுதாக, மறைக்காமல், தன் வாயால் சொல்லியிருக்கிறாள். பெயர் தெரியாத அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். மருந்து விற்க வந்த கம்பனிக்காரன் கேட்டிருக்கிறான். தேத்தண்ணி கொண்டு வந்த பெண்கூடக் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை.

பங்குனியில் பேச்சு மறுபடி தொடங்குகிறது என்று மார்கரெட் அறிவித்தார். மூடிய கதவுக்குள் இதுவரை சொல்லப்பட்ட எல்லாவற்றையும் பொதுவில் வை என்பதுதான் இந்த முறை அட்டையில் எழுத்து. நான் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். கெவின் தன் கையிலிருந்த அட்டையை எனக்குத் தந்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

ஒன்பது மணியளவில் டாக்சியில் வந்து இறங்கினார் டொக்டர் சிறிதரன். நடைபாதையில் என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"அருந்தவன்! நீங்கள் ஏன் இஞ்ச வெயிலுக்க நிக்கிறீங்கள்?"

"நிரஞ்சினி உள்ளுக்க இருக்கிறா, டொக்டர். அவ சொன்னதை நான் கேக்க வேணும்."

அவர் அட்டையைப் படித்தார். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளினார். அது திறந்து மூடுகிற நேரத்துக்குள் உள்ளே ஒரு நீண்ட நடையும், முடிவில் இன்னொரு கதவும் தெரிந்தன. நான் கெவினைத் தாண்டிப் போய், அவரைவிட வாசலுக்குக் கிட்ட, அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.